பாட்டுப்பெட்டி: றேடியோக்கடை அண்ணை பதில்கள்

போன இதழில் இங்கிலாந்தின் குயீன் றொக் இசைக்குழுவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்களில் சில இங்கே.

அண்ணை, ‘வீ வில் றொக் யூ’ பாட்டில் ட்ரம்ஸ் அடிக்கிறது றோஜர் ரெய்லர்தானே? வகுப்பில் பந்தயம் கட்டியிருக்கிறம்.
*மாணவர், புதுக்குடியிருப்பு*

ரெய்லர் என்று கட்டினவர் காசைக் குடுக்கலாம். அந்தத் தாளத்தில் ட்ரம்ஸே இல்லை. 1977இல் ஸ்ராபோர்ட் பக்கம் பிங்லி மண்டபத்தில் கச்சேரி முடிந்து குழு உள்ளே போன பிறகும் சனம் கலையாமல் நின்று தாங்களாகவே ஒரு பாட்டைப் பாடியிருக்கிறது. அதைக் கேட்ட கிற்றார்காரர் பிறயன் மே யோசித்தாராம்: நெருக்குப்பட்டு நிற்கிற சனத்தால் என்ன செய்ய ஏலும்? காலால் மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். கடைசியில் வருகிற கிற்றாரை விட்டால் பாட்டு முழுக்க அவ்வளவுதான்.

பதிவு நடந்தது லண்டனில், பழைய தேவாலயக் கட்டடத்தில் இருந்த வெசெக்ஸ் ஸ்ரூடியோவில். அங்கே கிடந்த பலகைகளில் ஏறி நின்று மிதித்தார்கள். இரண்டு மிதி, ஒரு தட்டு. அதைத் திரும்பத் திரும்பப் பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மே பௌதிகம் படித்தவர். சத்தம் எதிரொலியாகக் கேட்காமல் பெருங்கூட்டமாகக் கேட்கவேண்டும் என்று அடுக்குகளுக்கு இடையிலான தாமதங்களைப் பகா எண்களின் கணக்கில் வைத்தார். உங்கட கணித ரீச்சரிடம் சொல்லிப் பாரும் தம்பி, அவவும் சிலவேளை ஒரு கசற் கேட்பா.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத வன்னியில் றொக் கேட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் கூடிப்போச்சோ?
*வாசகர், மல்லாவி*

மல்லாவிக்காரர் இதைக் கேட்கலாமோ? யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பற்றரி தடைசெய்த சாமான். ஆனால் சைக்கிள் இருந்தது, டைனமோ இருந்தது. சைக்கிளைக் கவிட்டுப்போட்டுப் பெடலைக் கையால் சுத்தினால் கரண்ட் வரும். அதை அப்படியே கசற் றெக்கோடருக்குள் விடக் கூடாது. செத்த றேடியோக்களில் கழற்றின டயோட் நாலும் கப்பாசிற்றர் ஒன்றும் ஒட்டிக் குடுப்பேன். என்ர பிழைப்பே அப்போது அதுதான்.

சுத்துறவருக்குக் கை ஓய்ந்தால் மோட்டர் இழுபடும், குயீனின் பாடகர் பிரெடி மேர்க்குரியின் உச்சக்குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிடும். ‘பொஹீமியன் றப்சடி’ 5 நிமிடம் 55 செக்கன். நடுவில் மேல்நாட்டு இசைநாடகம் மாதிரி வருகிற ஒப்பராப் பகுதி தொடங்கும்போது ஆள் மாறவேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வருகிற றொக் பகுதியைக் கேட்கேலாது. அந்த ஒப்பராவில் ஒரு பட்டாளமே பாடுவதுபோல இருக்கும். பாடினது மேர்க்குரி, மே, ரெய்லர் மூன்றே பேர். 1975இல் கணினி இல்லை. ஒரே நாடாவில் மேலும் மேலும் பதிந்து, கடைசியில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு நாடா தேய்ந்துபோச்சாம். இங்கே பென்சிலால் சுத்திச் சுத்தித் தேய்ந்த கசற்றுகளைத் திருத்தினவன் எனக்கு இந்தக் கதை சரியாகப் பிடிக்கும்.

பிரெடி இந்தியரா?
*வாசகி, மாங்குளம்*

பிறந்தது 1946இல், சான்சிபாரில். பார்சிக் குடும்பம், பேர் பாரூக் புல்சாரா. பள்ளிக்கூடம் படித்தது இந்தியாவில், பஞ்ச்கனியில்.

2018இல் குயீனைப் பற்றி வந்த ‘பொஹீமியன் றப்சடி’ படத்தில் ‘லைவ் எயிட்’ கச்சேரியைப் பார்த்து அழுதே விட்டேன். எல்லாம் உண்மையாக நடந்ததுதானா?
*வாசகர், வவுனியா*

கச்சேரி உண்மை. பிரிந்துகிடந்த குழு அதுக்காகத்தான் ஒன்றுசேர்ந்தது என்பது படக்காரரின் கைவரிசை. 1985 மே மாதம்வரை ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்த ஆட்கள் அவர்கள். தனக்கு எயிட்ஸ் நோய் என்று மேர்க்குரி அப்போதே சொன்னதாகக் காட்டுவதும் அப்படித்தான்.

மற்றபடி நீங்கள் அழுததில் பிழையில்லை. எத்தியோப்பியப் பஞ்சத்துக்குக் காசு சேர்க்க 1985 ஜூலை 13இல் வெம்பிளியில் நடந்தது. குயீனுக்குக் கிடைத்தது இருபது நிமிடச் சொச்சம். மற்றவர்கள் எப்படியோ, இவர்கள் லண்டனில் ‘ஷோ தியேட்டர்’ என்ற அரங்கில் நேரம் வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள். பட்டப்பகல், வெளிச்ச வித்தை ஒன்றும் எடுபடாது. ‘றேடியோ காகா’வுக்குக் கிட்டத்தட்ட 72,000 பேர் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்கள். றேடியோவை மறந்துபோகிறார்களே என்று ரெய்லர் எழுதின பாட்டு அது. றேடியோ திருத்துகிற எனக்கு அதில் ஓரவஞ்சனை உண்டு.

பிறகு மேர்க்குரி வாத்தியம் ஒன்றும் இல்லாமல் ‘ஏ... ஓ...’ என்று இழுக்க, மைதானம் அதையே திருப்பிக் குடுக்கும். கோவலன் கூத்தில் அண்ணாவியார் எடுத்துக்குடுக்கப் பிற்பாட்டு வாங்கிப் பாடுகிறதைக் கேட்டு வளர்ந்தவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வித்தியாசம், வெம்பிளியில் பிற்பாட்டுக்காரருக்கு ஒத்திகையே இல்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாக நெளிவைக் கூட்டுவார், சனமும் விடாது.

இங்கிலிஷ் விளங்காத எங்களுக்கு இதில் ரசிக்க என்ன இருக்கு?
*வாசகர், முள்ளியவளை*

1985 ஜனவரியில் பிரேசிலின் றியோவில் ‘லவ் ஒவ் மை லைஃப்’ பாட்டை மேர்க்குரி சனத்திடம் பாட விட்டார். போர்த்துக்கேயம் பேசுகிற சனம் அதை இங்கிலிஷிலேயே பாடியது. யூரியூப்பில் கிடக்கு, பாருங்கோ.

எங்கட விளையாட்டுக் கழகப் பரிசளிப்புக்கு ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ போடலாமா? சவுண்ட்காரர் வெட்டின பாட்டுத்தான் வைத்திருக்கிறார்.
*செயலாளர், கிளிநொச்சி*

தாராளமாக. ஆனால் 1977இல் வந்த இசைத்தட்டில் ‘வீ வில் றொக் யூ’ முடிந்த கையோடு இது தொடங்கும். அந்த ஒழுங்கிலேயே போடுங்கோ. முதல் பாட்டுக்கு அணிநடை, அடுத்ததுக்குக் கிண்ணம். வெட்டின பாட்டு வேண்டாம் என்று சவுண்ட்காரருக்கு இப்பவே சொல்லிவையுங்கோ. முதல் பாட்டில் மேயின் கிற்றார் கடைசி அரை நிமிடத்தில்தான் வருது, அவையள் வெட்டுறதும் அந்த இடத்தைத்தான்.