வாசகர் கேள்வி – பதில்: நீச்சல் வகுப்புக்கு விலக்குக் கேட்கலாமா?

கேள்வி: மகளுக்கு 8 வயது, பாசலில் படிக்கிறாள். ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்து நீந்தும் வகுப்புக்கு அனுப்ப எங்கள் மார்க்கம் இடம் தரவில்லை. வெளியே காசு கட்டி நீச்சல் பழக்குகிறோம். பாடசாலை வகுப்பிலிருந்து விலக்குக் கிடைக்குமா?
– ஒரு முஸ்லிம் தாய், சுவிஸ்

பதில்: இந்த வயதில் கிடைக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே இதே வழக்கு நடந்து முடிந்திருக்கிறது. துருக்கி வம்சாவளிப் பெற்றோர் தங்கள் இரண்டு மகள்மாரை அனுப்ப மறுத்தார்கள். 2010இல் தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளை ஒன்றுக்கு 350 பிராங்க் வீதம் மொத்தம் 1,400 பிராங்க் தண்டம் விழுந்தது. 2012இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2017 ஜனவரி 10 அன்று ஸ்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் பெற்றோருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அந்தப் பெற்றோரும் வெளியே பழக்குகிறோம் என்றுதான் வாதாடினார்கள். நீந்தத் தெரிவது மட்டும் நோக்கமல்ல, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அதைச் செய்வதும் பாடத்தின் பகுதி என்பது நீதிமன்றத்தின் பதில். மதச் சுதந்திரத்தில் அரசு தலையிடுகிறது என்பதை அது ஒப்புக்கொண்டது; அந்தத் தலையீடு அளவுக்கு மீறியதல்ல என்றது. பாடசாலை முன்கூட்டியே கொடுத்திருந்த வசதிகள் அதற்கு ஒரு முக்கிய காரணம்: உடலை மூடும் புர்கினி அணியலாம், ஆண் பிள்ளைகள் இல்லாத இடத்தில் உடை மாற்றலாம், குளிக்கலாம்.

"முந்தி விலக்குக் கொடுத்தார்களே" என்று உறவினர் யாரும் சொன்னால் அதுவும் பொய்யல்ல. 1993இல் சூரிச் பிள்ளை ஒன்றுக்கு உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. 2008இல், ஷாஃப்ஹவுசன் வழக்கில், அதே நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பெரியபிள்ளையான பிறகு நிலைமை வேறு; பாசல் விதிகளில் அந்த வயதிலிருந்து மதக் காரணத்துக்காக விலக்குக் கேட்க இடமிருந்தது. ஆனால் 2013இல் ஆர்காவ் மாநில மாணவி ஒருவருக்கு அதுவும் மறுக்கப்பட்டது. அங்கே பெண்களுக்குத் தனி வகுப்பு, பெண் ஆசிரியை, புர்கினி மூன்றும் இருந்தன.

ஆகவே விலக்கைக் கேட்டுக் காலம் கடத்தாமல் வசதியைக் கேளுங்கள். தவணை தொடங்குமுன் வகுப்பு ஆசிரியைக்கும் அதிபருக்கும் எழுத்தில் கொடுங்கள். "எங்கள் மதத்துக்கு ஒத்துவராது" என்று ஒற்றை வரியில் எழுதினால் மறுப்பதற்கு இலகு. புர்கினி, கதவு பூட்டும் தனி அறை, தனியே குளிக்கும் இடம், நீரில் பிடித்துப் பழக்கப் பெண் ஆசிரியை என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

புர்கினி வாங்கும்போது கவனம். நீச்சலுடைத் துணியாகவே இருக்க வேண்டும். பருத்தி லெகின்ஸ், டீ-சேர்ட் நீரை உறிஞ்சிப் பாரமாகும், தடாகத்தில் அனுமதிக்கவும் மாட்டார்கள். வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய அளவு எடுக்காதீர்கள். தொளதொள மேலாடைக்குள் நீர் புகுந்து பலூன் போல மேலே கிளம்பும், கை வீசத் தடையாகும். மேலாடையைக் காற்சட்டையோடு பிணைக்கும் நாடா உள்ளதாகப் பாருங்கள். சுவிஸ் நீர்ப் பாதுகாப்புப் பரிசோதனையில் ஆழமான நீருக்குள் உருண்டு விழுந்து, 1 நிமிடம் ஓரிடத்தில் மிதந்து, 50 மீற்றர் நீந்த வேண்டும். அந்த உடையோடே இதையெல்லாம் வீட்டாருடன் ஒருமுறை செய்து பார்க்கட்டும். தலைமூடி கழுத்தை இறுக்கினாலோ கண்ணை மறைத்தாலோ அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: நீச்சல் வகுப்பு விலக்குக் கோரிக்கையைப் பாடசாலையில் மறுத்துவிட்டார்கள். நீச்சல் நாளில் மட்டும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன?
– ஒரு தந்தை, சூரிச்

பதில்: வேண்டாம். அது காரணமற்ற வரவின்மையாகப் பதிவாகும், பிறகு தண்டம் வரும். சூரிச்சில் காரணம் சொல்லாமல் எடுக்கக்கூடிய ஜோக்கர் நாட்கள் வருடத்துக்கு 2தான். நீச்சல் வாராவாரம் வரும். பொய்யான மருத்துவச் சான்றிதழ் உங்கள் உண்மையான கோரிக்கையையும் கெடுத்துவிடும். மறுப்பை எழுத்தில், மேன்முறையீட்டு விபரத்தோடு, தரும்படி கேளுங்கள். காலக்கெடு கடிதத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும். சில நாட்கள்தான் இருக்கலாம் என்பதால் கைக்கு வந்த அன்றே வாசியுங்கள். இடைப்பட்ட காலத்தில் பிள்ளையை அனுப்புவதே நல்லது. பெற்றோருக்கும் பாடசாலைக்கும் இடையிலான இழுபறியில் பிள்ளை தனித்துப்போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: நாங்கள் சைவர்கள். மகள் கையில் கௌரி விரதக் காப்பு நூல் கட்டியிருக்கிறாள். மாதவிடாய் நாட்களில் தண்ணீருக்குள் இறங்கவும் கூச்சப்படுகிறாள். நீச்சல் வகுப்புக்கு என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பேர்ண்

பதில்: நூல் விஷயத்தை முதலே ஆசிரியையிடம் சொல்லுங்கள். சங்கிலி, தொங்கும் காதணிதான் கொளுவி இழுபடும் ஆபத்துள்ளவை. கையோடு ஒட்டியிருக்கும் நூலை ஒட்டுப்பட்டியால் மூடிக்கொள்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். முதல்நாள் வைத்த தலை எண்ணெயைக் கழுவிவிட்டு அனுப்புங்கள், தொப்பியும் போடட்டும்.

மாதவிடாய்க்கு ஆண்டு முழுவதும் விலக்குக் கேட்பது எடுபடாது. சாதாரணப் பஞ்சு அணையாடை நீரில் ஊறிப் பயனற்றுப்போகும். இதற்கென்றே நீச்சல் உள்ளாடை விற்கிறார்கள். வலியோ அதிக இரத்தப்போக்கோ உள்ள நாளில் கரையில் இருக்க அனுமதி கேட்டு ஆசிரியைக்கு ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். வகுப்பு நடுவே எல்லோர் முன்னும் காரணம் சொல்ல வேண்டிய நிலை மகளுக்கு வராதபடி, அந்தக் குறிப்பு முதல்நாள் மாலையே போய்ச் சேரட்டும்.