சாலைக்கு மட்டும் ஏன் பணம் இல்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2022-இல் உயர்த்தப்பட்ட சொத்து வரியைத் தவறாமல் கட்டுகிறோம். ஆனாலும் எங்கள் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. கேட்டால் ‘நிதி இல்லை’ என்கிறார்கள். வரிப் பணம் எங்கே போகிறது?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் கேள்வி முற்றிலும் நியாயமானது. குடியிருப்புகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை அந்த ஆண்டு வரி உயர்ந்தது. ஆனால் சொத்து வரி சாலைக்கென்று தனியே வைக்கப்படுவதில்லை. மாநகராட்சியின் பொது நிதியில் சேர்ந்து, சம்பளம், ஓய்வூதியம், துப்புரவு, தெருவிளக்கு, குடிநீர் மோட்டார்களின் மின்கட்டணம் என்று செலவான பிறகு எஞ்சுவதில்தான் சாலைப் பராமரிப்புக்கு இடம் கிடைக்கிறது. நீங்கள் வண்டிக்குக் கட்டும் வரி மாநில அரசுக்கும், பெட்ரோல் மீதான சாலை செஸ் மத்திய அரசுக்கும் செல்கின்றன. மத்திய அரசின் வரிப் பணத்தை எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குச் சொன்ன மானியத்திலும், கடலூர் போன்ற பத்து லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

என் கருத்தில், பற்றாக்குறையை விடப் பெரிய கேடு, பணம் வரும் விதத்தில் இருக்கிறது. புதிய சாலை போட அரசுத் திட்டங்களில் நிதி வரும். போட்ட சாலையைக் காக்கவென்று நிலையான நிதி வருவதில்லை. மழைக்கு முன்பு விரிசலில் தார் ஊற்றி அடைத்தால் சிறு செலவில் முடிகிற வேலையை விட்டுவிட்டு, சாலை முழுதும் பெயர்ந்த பிறகு, பல மடங்கு மதிப்பீட்டுடன் அடுத்த திட்டத்துக்காகக் காத்திருக்கிறோம்.

பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டிய இடத்தைப் பாருங்கள். பள்ளத்தை அடுக்கடுக்காக இறுக்காமல், தோண்டிய மண்ணையே தள்ளி மூடி, மேலே ஜல்லியைப் பரப்பிவிட்டால், ஐப்பசி மழையில் அந்தப் பட்டை மட்டும் நீளமாக உள்வாங்கும்; அதில் நீர் தேங்கும்; தேங்கிய நீர் பக்கத்திலுள்ள நல்ல தாரின் அடியிலும் இறங்கி, ஜல்லியிலிருந்து தாரைப் பிரிக்கும்; மேலே பேருந்து போகப் போக ஓரம் உடைந்து குழி அகலும். வடிகால் இல்லாத தெருவில் எவ்வளவு செலவிட்டுத் தார் போட்டாலும் நிலைக்காது என்பதைப் பெண்ணையாறும் கெடிலமும் கடலைச் சேரும் இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே சாலையைத் தோண்டுவோரிடம் சாலை வெட்டுக்காக வசூலிக்கும் தொகையைப் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல், அந்தந்தத் தெருவைச் சீரமைக்கவே செலவிட வேண்டும். பராமரிப்புக்கென ஆண்டுதோறும் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குவதும் கட்டாயமாக வேண்டும்.

கேள்வி: புதுச்சேரியில் எங்கள் தெருச் சாலைக்காக யாரிடம் முறையிடுவது? கவுன்சிலரே இல்லையே?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உள்ளாட்சித் தேர்தல் அங்கே 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது, அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் மறுபடி நடத்தப்படவில்லை. சட்டமன்ற உறுப்பினரிடமும் நகராட்சி ஆணையரிடமும்தான் மனு கொடுக்க வேண்டியிருக்கிறது. யூனியன் பிரதேசம் என்பதால், மாநிலங்களுக்குப் பரிந்துரைக்கும் மத்திய நிதிக்குழுவின் வரம்பிலும் புதுச்சேரி வருவதில்லை. தேர்தலைத் தள்ளிப்போடுவதற்கு எந்தக் காரணம் சொல்லப்பட்டாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. வார்டில் வரியையும் செலவையும் பற்றிக் கேள்வி கேட்கும் இடமே இல்லாமல் போய்விட்டது.

கேள்வி: ‘நிதி இல்லை’ என்ற பதிலுக்குமேல் நாங்கள் என்ன கேட்கலாம்?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அந்தச் சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேளுங்கள், மனுக்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. அடுத்து, கடைசியாக எப்போது போடப்பட்டது, ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எதுவரை என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் பெயர்ந்த சாலையை ஒப்பந்ததாரரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்கு மாநகராட்சி நிதி தேவையே இல்லை. பதிலை வாங்கிக்கொண்டு உங்கள் வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதியின் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுப்பி, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதை ஆடிக்குள் செய்துவிட்டால், மழைக்கு முன் வேலை நடக்க வாய்ப்பு உண்டு.