எட்டாம் வகுப்பில் கணக்கு தடுமாறினால் முதலில் எங்கே பார்ப்பது?

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஆறாம் வகுப்பு வரை கணக்கில் எப்போதும் முன்னால் நின்ற மகள், எட்டாம் வகுப்பில் பாதி மதிப்பெண் வாங்கவே தடுமாறுகிறாள். டாக்டரா இன்ஜினீயரா என்று இப்போதே முடிவெடுத்து, நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் சேர்த்துவிடச் சொல்லி உறவினர்கள் நெருக்குகிறார்கள். உங்களுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதே நிலையில்தான் என்னிடம் வருகிறார்கள் அம்மா. பயிற்சி பற்றிய கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இந்த ஆண்டு வேண்டாம். அவள் எங்கே தடுக்கி நிற்கிறாள் என்று தெரியாமல் மேலே மேலே பாடத்தை ஏற்றினால் தடுமாற்றம் கூடத்தான் செய்யும்.

நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில் பாடத்தின் அளவு மட்டும் கூடுவதில்லை, பாடத்தின் தன்மையே மாறுகிறது. அதுவரை கணக்கு என்றால் பெரும்பாலும் எண்கள். கூட்டு, கழி, பெருக்கு, விடை ஓர் எண். எட்டாம் வகுப்பில் எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து உட்காருகிறது. ஒருபடிச் சமன்பாடு, அடுக்குகள், நேர்விகிதம், எதிர்விகிதம், பிதாகரஸ் தேற்றம், வரைபடம், நிகழ்தகவு எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. வேகமாகக் கணக்குப் போட்டதால் பாராட்டு வாங்கிய பிள்ளைக்கு அந்த வேகம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. உங்கள் மகளுக்குத் திடீரென்று திறமை குறைந்துவிடவில்லை. கேள்வி கேட்கும் விதம் மாறிவிட்டது.

எட்டாம் வகுப்பு மாணவர்களை 1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் சோதித்துவரும் டிம்ஸ் என்ற சர்வதேசத் தேர்வு இருக்கிறது. அதன் அண்மைச் சுற்றுகளில் கணிதத்துக்கான பங்கீடு இது: எண்கள் 30 சதவீதம், இயற்கணிதம் 30, வடிவியலும் அளவீடும் 20, தரவும் நிகழ்தகவும் 20. அதே தேர்வை இன்னொரு விதமாகவும் பிரிக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லும் கேள்விகளுக்கு 35 சதவீதம், தெரிந்ததைப் பயன்படுத்தும் கேள்விகளுக்கு 40, காரணம் காட்டி யோசிக்க வேண்டிய கேள்விகளுக்கு 25. அதாவது சூத்திரத்தை மனப்பாடம் செய்து போகிற பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு எட்டும். உங்கள் பள்ளியின் வினாத்தாள் இதே அளவில் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வயதில் எதைத் தேடுகிறார்கள் என்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு தாளில் இதை எழுதி மகளிடம் கொடுங்கள்: 8 + 4 = ☐ + 5. தேர்வு என்று சொல்ல வேண்டாம், சும்மா கேளுங்கள். 7 என்று எழுதினால் நல்லது. 12 என்று எழுதினால், சமக்குறி என்றால் 'இதோ விடை' என்ற பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற எண்ணம் உறைக்கவில்லை. அது உறைக்காத பிள்ளைக்குச் சமன்பாடு வெறும் சடங்குதான். 'அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகிவிடும்' என்று ஒப்பிப்பாள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே எண்ணைக் கழிக்கிறோம் என்று புரிந்த பிள்ளைக்கு அந்த விதியை ஒப்பிக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது கொஞ்சம் கடினம். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்கள். மாணவர் எண்ணிக்கையை 'ம' என்றும் ஆசிரியர் எண்ணிக்கையை 'ஆ' என்றும் வைத்து ஒரு சமன்பாடு எழுதச் சொல்லுங்கள். 6ம = ஆ என்று எழுதினால் பதற வேண்டாம். இதே மாதிரிக் கேள்வியைப் பொறியியல் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு ஆராய்ந்தபோது அவர்களிலும் கணிசமானவர்கள் இப்படித் திருப்பித்தான் எழுதினார்கள். 'ம' என்பதை மாணவர் என்ற ஆளாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. அது ஓர் எண்ணிக்கை. ஆசிரியர்கள் 10 என்றால் மாணவர்கள் 60, அப்படியானால் எதை ஆறால் பெருக்க வேண்டும் என்று எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியதை எண் போட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டாலே இயற்கணிதத்தின் மீதுள்ள பயம் பாதி போய்விடும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: பின்னம். 0.35 பெரியதா, 0.5 பெரியதா? அரையைக் காலால் வகுத்தால் என்ன வரும், ஏன் வகுத்த பிறகு விடை பெரிதாகிறது? ஒன்றின் மதிப்பு 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய இடத்துக்கே வந்துவிடுமா? (வராது. 100 என்பது 120 ஆகி, 96-இல் வந்து நிற்கும்.) இவையெல்லாம் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பாடம்தானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதையொட்டிப் பின்னத்திலும் வகுத்தலிலும் ஒரு பிள்ளைக்கு இருக்கும் பிடிப்பு, அந்தப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதத்தில் எப்படிச் செய்யும் என்பதை முன்கூட்டியே காட்டுகிறது என்று கண்டார்கள். குடும்ப வருமானம், பொதுவான அறிவுத்திறன் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு இருந்தது. எட்டாம் வகுப்பில் தெரியும் தடுமாற்றத்தின் வேர் பல சமயம் இரண்டு மூன்று வருடம் பின்னால் இருக்கிறது. அந்த வயதில் விட்டுப்போனதை இப்போது சரிசெய்யலாம், பதின்மூன்று வயது தாமதமே இல்லை. ஆனால் எட்டாம் வகுப்பு வினாக்களையே திரும்பத் திரும்பப் போட வைத்தால் அது சரியாகாது. பின்னத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

பின்னத்தையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அறிவியலும் அதன் மேல்தான் நிற்கிறது. அடர்த்தி என்றால் நிறையைக் கன அளவால் வகுப்பது. அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது. வேகமும் அப்படித்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் மணிக்கு 40 கிலோமீட்டரில் திரும்பினால் சராசரி வேகம் 50 இல்லை, 48. இது ஏன் என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இயற்பியலில் பாதி வழி திறந்துவிட்டது. செல், அணு, வேதிமாற்றம் போன்ற பாடங்களில் கணக்கு குறைவு. அங்கே கண்ணுக்குத் தெரியாததை மனதில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். 110 என்று தயங்காமல் சொல்கிறாளா பாருங்கள்.

மொழிப் பாடத்தைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. மதிப்பெண் நன்றாக வருகிறது போலிருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அறிவியல் புத்தகத்தில் வகுப்பில் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தை அவளாகவே படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். வரி வரியாக ஒப்பித்தாலோ, 'புரியுது, ஆனா சொல்லத் தெரியலை' என்றாலோ, அவளுக்கு வாசிக்கத் தெரிகிறது, வாசித்துக் கற்கத் தெரியவில்லை என்று பொருள். இதற்கு மேல் வரும் வகுப்புகளில் ஆசிரியர் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து விளக்க நேரம் இருக்காது. கணக்கில் நீளமான வாக்கியக் கணக்குகளை மட்டும் விட்டுவிட்டு வருகிறாளா என்றும் விடைத்தாளில் பாருங்கள். அப்படியானால் அவளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, வாசிப்பில்தான் சிக்கல். வரலாறும் சமூக அறிவியலும் இந்தப் பயிற்சிக்கு நல்ல இடம். ஒரு பத்தி என்ன சொல்கிறது, அதற்கு என்ன ஆதாரம் தருகிறது என்று பிரித்துச் சொல்லப் பழகினால் போதும்.

இப்போது வேலைக்கு வருவோம். டாக்டர், இன்ஜினீயர் என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு குழந்தையை நிறுத்தி வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த வேலைகளே இன்னும் சொற்பம். இந்த ஆண்டுப் பாடமோ எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வருகிறது. 5 மில்லி லிட்டரில் 250 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, நோயாளிக்கு 400 மில்லிகிராம் கொடுக்க வேண்டும் என்றால் 8 மில்லி லிட்டர் என்று நர்ஸ் பிழையில்லாமல் கணக்கிட வேண்டும். அது நேர்விகிதம். எலக்ட்ரீஷியன் மின்னழுத்தத்தையும் மின்தடையையும் வைத்து மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்கிறார். அது சமன்பாட்டை மாற்றி எழுதுவது. கட்டடம் கட்டுகிறவர் மூலை சரியாகச் செங்கோணமா என்று பார்க்க 3, 4, 5 என்ற அளவில் நூல் பிடிக்கிறார். அது பிதாகரஸ். கணக்காளருக்குச் சதவீதம், பத்திரிகையாளருக்கு வரைபடத்தைப் படிக்கும் கண். இப்போதே ஒரு தொழிலைக் குறிவைக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்தத் தொழிலும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வருடம் இது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைப்பேன்: கணக்கு பிடிக்கவில்லை என்று இப்போது அவள் சொன்னால் அதை இறுதி முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புரியாத எதுவும் பிடிக்காது. புரிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு, அப்போது நாம் பேசலாம்.

நுழைவுத்தேர்வுப் பயிற்சி வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். பருவ மாற்றத்தோடு தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது. பள்ளி முடிந்து பயிற்சி, அப்புறம் வீட்டுப்பாடம் என்றால் முதலில் குறைவது தூக்கம், அதோடு அன்று படித்ததும் மனதில் தங்காது. ஓவியமோ விளையாட்டோ எதையாவது அவள் விரும்பிச் செய்துகொண்டிருந்தால் அதை இந்த வருடம் நிறுத்தாதீர்கள். அவளுடைய நாட்டம் எங்கே இருக்கிறது என்பதற்கு இப்போது நமக்குக் கிடைக்கும் நம்பகமான தடயம் அதுதான். இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களை நிரப்பி அதில் வரும் தொழிலின் பெயரை நம்பிவிட வேண்டாம். இந்த வயதில் விருப்பங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மேலே சொன்ன கேள்விகளை ஒரே நாளில் அடுக்காமல், இரண்டு வாரத்தில் ஒன்றொன்றாகக் கேளுங்கள். தவறாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். 'எப்படி யோசித்தாய்?' என்று மட்டும் கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கணித ஆசிரியரைப் பாருங்கள். 'என் மகள் கணக்கில் மோசம்' என்று பேச்சைத் தொடங்கினால் 'இன்னும் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்' என்ற பதில்தான் வரும். 'வகுத்தால் விடை எப்போதும் சிறிதாகும் என்று நினைக்கிறாள்' என்று சொன்னால் எந்த ஆசிரியருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். தினமும் இருபது நிமிடம், பின்னத்திலிருந்து ஆரம்பித்து, அந்த ஒன்றில் மட்டும் உழைத்தால் போதும். தனியாகச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று தோன்றினால், வினாக்களை வேகமாகப் போட்டுத் தருபவரைத் தேடாதீர்கள், அவளைப் பேசவிட்டுக் கேட்பவரைத் தேடுங்கள்.

அடுத்த முறை எழுதும்போது மதிப்பெண் பட்டியல் வேண்டாம் அம்மா. கடைசித் தேர்வின் கணித விடைத்தாளை நகலெடுத்து அனுப்புங்கள். அவள் அடித்துத் திருத்திய இடங்களும் பாதியில் நிறுத்திய இடங்களும் தெளிவாகத் தெரியும்படி இருக்கட்டும்.