மீண்டது யார்?

கேள்வி: கொரோனாவோடு தியேட்டர் கதை முடிந்தது என்றார்கள். இன்று பெரிய படங்களுக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. சபாக்களிலும் நாடகம் நடக்கிறது. சினிமா, நாடகம் இரண்டும் முழுமையாக மீண்டுவிட்டன என்று சொல்லலாம் அல்லவா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சொல்ல முடியாது. சினிமாவைப் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. நாடகத்தைப் பற்றிச் சொல்வது அதுகூட இல்லை.

2020 நவம்பரில் பாதி இருக்கைகளோடு தியேட்டர்கள் திறந்தன. 2021 பொங்கலுக்கு வந்த ‘மாஸ்டர்’, ஜனங்கள் வருவார்கள் என்று காட்டியது. ஏப்ரலில் மறுபடி பூட்டு, ஆகஸ்டில் திறப்பு. 2022-ல் ‘விக்ரம்’, ‘பொன்னியின் செல்வன்’ இரண்டும், தியேட்டர் பக்கமே போகாதிருந்த குடும்பங்களையும் அழைத்து வந்தன. சந்தோஷம்தான். ஆனால் அது பெரிய நடிகருக்கும் பெரிய பெயருக்கும் வரும் கூட்டம். புதுமுகங்களின் படம் வெள்ளிக்கிழமை வந்து, திங்கட்கிழமை காட்சி குறைந்து, அடுத்த வெள்ளிக்கு முன்பே காணாமல் போகிறது. ‘ஜெயிலர்’ போன்ற வெற்றிப் படமே 2023 ஆகஸ்ட் 10-ல் வெளியாகி, செப்டம்பர் 7-ல் ஓடிடியில் வந்துவிட்டது. அப்புறம் சின்னப் படத்துக்கு யார் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவார்?

நாடகத்துக்கு வருகிறேன். சென்னை சபாக்களில் நடிப்பவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்வத்தால் மேடை ஏறுகிறார்கள். அவர்கள் மீண்டதில் எனக்கும் மகிழ்ச்சி. மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கோ அந்த மேடைதான் சோறு. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த நாடகங்களை இன்றும் நடிப்பவர்கள் அவர்கள். நிரந்தரமான குழு கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார்கள். ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை ‘வள்ளி திருமணம்’. வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் நடக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? அன்று மாலைதான் சந்தித்த இரண்டு பேர், ஒருவர் விருத்தம் எடுத்துப் பாடிக் கேள்வி போட, மற்றவர் அந்தச் சுருதியிலேயே பதில் தொடுப்பார். அது எந்தப் பிரதியிலும் இருக்காது. ஆண்டுக்கணக்கில் மேடையில் நின்றால்தான் வரும்.

இவர்களுக்கு ஊர்த் திருவிழாக்கள் நடக்கும் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசிதான் அறுவடை. மழைக்காலத்துச் செலவுக்கும் அதில்தான் எடுத்து வைக்க வேண்டும். 2020 ஊரடங்கு சரியாகப் பங்குனியில் வந்தது. 2021-ல் ஏப்ரல் 20 முதல் இரவு பத்து மணியிலிருந்து அதிகாலை நான்கு மணிவரை ஊரடங்கு. நாடகம் நடக்கும் நேரமே அதுதானே! அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் போயின. கலைஞர்களுக்கான அரசு நல வாரியத்தில் பெயர் பதியாதவர்களுக்கு அந்த வழியில் வந்த நிவாரணமும் இல்லை. வேஷம் கட்டியவர்கள் கூலி வேலைக்கும் காய்கறி வியாபாரத்துக்கும் போனார்கள். 2022-ல் திருவிழாக்கள் திரும்பின. போனவர்கள் எல்லோரும் திரும்பினார்களா? இளைய ஸ்திரீபார்ட் ஒருவர் வேறு வேலையில் காலூன்றிவிட்டால் அந்த இடத்துக்கு உடனே ஆள் கிடைக்க மாட்டார். இரண்டு வருடம் நாடகம் விட்டுப்போன ஊரில், அந்த இரவை ஆடல் பாடலுக்குக் கொடுத்துவிடுவதும் விழாக் கமிட்டிக்கு எளிது.

ஆகவே மீட்சியைப் பற்றி என்னிடம் கேட்பதைவிட உங்கள் ஊர் விழாக் கமிட்டியிடம் கேளுங்கள். வருகிற பங்குனிக்கு நாடகம் உண்டா? 2019-ல் எத்தனை இரவு நடந்தது, இப்போது எத்தனை? பேசிய சம்பளத்தை விடிந்ததும் முழுதாகக் கொடுக்கிறார்களா? பதிலை எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.