புது வாஷிங் மெஷின் சத்தம்: ‘ஓட ஓட சரியாப்பூடும்’ என்றால் விடாதீர்கள்

கேள்வி: வேலூரில் ஒரு கடையில் ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. துவைக்கும்போது பெரிதாக ஒன்றுமில்லை. பிழிய ஆரம்பித்ததும் வாசலில் லாரி நிற்பதுபோல ஒரு சத்தம். மெஷின் தானாக நகர்ந்து சுவரில் போய் இடிக்கிறது. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, “புது மெஷின்மா, ஓட ஓட சரியாப்பூடும்” என்று சொல்லி, என் செல்போனுக்கு வந்த ஓடிபியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடையில் கேட்டால், “வித்ததோட எங்க வேலை முடிஞ்சது, கம்பெனியைக் கேளுங்க” என்கிறார்கள். மாற்றித் தரச் சொல்லி நான் கேட்கலாமா?
வாசகி, சத்துவாச்சாரி

பதில்: கேட்கலாம் சகோதரி, தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்களை நீங்களே பார்த்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் மெஷின் கெட்டிருப்பதைவிட, அதைச் சரியாக உட்கார வைக்காமல் போனதற்கே வாய்ப்பு அதிகம். அதுவும் உங்கள் தவறு கிடையாது. நிறுவிக் கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினின் பின்பக்கம் பாருங்கள். ஃப்ரண்ட் லோடு மெஷினில் டிரம் இருக்கும் பெரிய தொட்டி மேலே ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டும், கீழே அதிர்வு தாங்கிகளில் ஊன்றிக்கொண்டும் இருக்கும். லாரியில் வரும்போது அது ஆடி அடிபடக் கூடாது என்று, தொழிற்சாலையிலேயே பின்பக்கம் மூன்று அல்லது நான்கு நீளமான போல்ட் போட்டு அதை உடம்போடு இறுக்கி அனுப்புவார்கள். டெமோ கொடுக்க வருபவர் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த போல்ட்டுகளைக் கழற்றுவதுதான். அவசரத்தில் வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுவதும் உண்டு, மொத்தமாகவே மறந்துவிடுவதும் உண்டு. போல்ட் இருக்கும்போது மெஷினை ஓட்டினால், நிமிடத்துக்கு 1,000 முதல் 1,400 சுற்று சுற்றும் டிரம்மின் அதிர்வு முழுவதும் நேராக உடம்புக்கு வந்துவிடும். நீங்கள் சொல்வது போலவே மெஷின் நடக்க ஆரம்பிக்கும். அப்படியே பல நாள் ஓட்டினால் உள்ளே இருக்கும் தாங்கிகளும் கெட்டுப்போகும்.

பின்பக்கத்தில் அறுகோணத் தலையுள்ள போல்ட் தெரிகிறதா, அல்லது அந்த இடங்களில் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஓட்டையிலும் மூடி இருந்தால் சரி. போல்ட் தெரிந்தால் உடனே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கழற்றும் முன்பே. அந்த ஒரு போட்டோ பின்னால் பெரிய சாட்சி. மெஷினோடு ஒரு ஸ்பேனர் கொடுத்திருப்பார்கள், அதை வைத்து நாமே கழற்றிவிடலாம்தான். ஆனாலும் உங்கள் விஷயத்தில் கம்பெனி ஆளையே மறுபடி வரவழைத்து, அவர் கையால் கழற்ற வைப்பது நல்லது. கழற்றிய போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு மாற்றும்போது திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது தரை. நம்மூர் வீடுகளில் மெஷினைப் பெரும்பாலும் பாத்ரூமை ஒட்டியோ, பின்பக்கம் துணி துவைக்கும் இடத்திலோதான் வைக்கிறோம். அந்தத் தரையைக் கொத்தனார் தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார். கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். மெஷினின் மேல்பக்கத்தில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து மாறி மாறி அழுத்திப் பாருங்கள். ஒரு நூல் அளவு ஆடினாலும் ஒரு கால் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். மெஷினின் கால்கள் திருகி ஏற்றி இறக்கக்கூடியவை. ஏற்றியபின் அந்தக் காலில் இருக்கும் நட்டை மேல் பார்த்து இறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு துவையலில் மறுபடி இறங்கிவிடும். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டத்தை இரவல் வாங்கி, மெஷின் மேல் குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

சக்கரம் வைத்த ஸ்டாண்டு மேல் மெஷின் நிற்கிறதா? டெமோ வருபவர்கள் ஸ்டாண்டு, உறை, பவுடர் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குச் சக்கர ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எலிக்குப் பயந்தோ, தரை ஈரமாக இருக்கிறது என்றோ உயர்த்தி வைக்க வேண்டுமானால், நிலையான கால் உள்ள ஸ்டாண்டு வாங்குங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் துணி எதுவும் போடாமல் பிழியும் சுற்றை மட்டும் ஓட்டுங்கள். துணி இல்லாமல் அமைதியாக ஓடி, துணி போட்டால் மட்டும் குதித்தால் அது பாரம் ஒரு பக்கம் சேர்வதால் வருவது. ஒற்றைப் போர்வை, ஒற்றை ஜமுக்காளம் போட்டுப் பிழிந்தால் எந்த மெஷினும் குதிக்கத்தான் செய்யும். கூட நாலு சின்னத் துணி போட்டால் அடங்கும். துணி இல்லாமலும் அதே சத்தம் என்றால் விஷயம் வேறு. மெஷினை நிறுத்திவிட்டு டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று அரைத்தால் பேரிங் சரியில்லை, அல்லது டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவே ஊக்கோ காசோ மாட்டியிருக்கிறது. டொம் டொம் என்று இடித்தால் தொட்டியில் கட்டியிருக்கும் கான்கிரீட் எடையின் போல்ட் தளர்ந்திருக்கலாம், தாங்கி கழன்றிருக்கலாம். முதலில் சொன்ன பின்பக்க போல்ட்டைக் கழற்றி, மட்டம் பார்த்து, காலியாக ஓட்டியும் இந்தச் சத்தம் வந்தால் அது மெஷினோடு வந்த குறைதான். பத்து நாளில் வந்த அந்தக் குறைக்கு ரிப்பேர் போதும் என்று நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

சில சத்தங்கள் இயல்பானவை, அவற்றுக்காகப் புகார் செய்ய வேண்டாம். தொடங்கும்போது கதவு பூட்டும் ‘டக்’, தண்ணீர் எடுக்கும்போது ‘உஸ்’, தண்ணீர் வடிந்து முடியும்போது பம்ப் காற்றை இழுக்கும் ‘குளுகுளு’, பிழிய ஆரம்பிக்கும்போது மோட்டார் போடும் மெல்லிய ‘ஊய்’. தண்ணீர் எடுக்கும்போது உறுமல் அதிகமாகி, நிரம்பவும் நேரம் பிடித்தால், குழாய் சேரும் இடத்தில் உள்ள சிறு வலையைப் பாருங்கள். நம்மூர் போர் தண்ணீரில் வரும் மணலும் உப்பும் அங்கேதான் அடைக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இப்போது ஓடிபி விஷயம். அதைச் சொன்ன மாத்திரத்தில் கம்பெனியின் கணக்கில் உங்கள் புகார் ‘தீர்ந்தது’ என்று ஏறிவிடும். “சார், சத்தம் நின்னா ஓடிபி, நிக்கலைன்னா இல்லை” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டதால் புதிதாகப் புகார் பதிய வேண்டும். வாரண்டி கார்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே போன் செய்யுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணை நம்ப வேண்டாம், போலி சர்வீஸ் ஆட்கள் அங்கே வலை விரித்துக் காத்திருக்கிறார்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிழியும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோ, பில்லின் படம் இரண்டையும் இணைத்துக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘வாங்கிய பத்து நாளில் குறை, மாற்றித் தரவும்’ என்று எழுத்தில் கேளுங்கள். அதே மின்னஞ்சல் கடைக்கும் போகட்டும். அடுத்த முறை வருபவர் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்பதை அவருடைய ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். ‘சத்தம்’ என்ற வார்த்தை அதில் இருக்க வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிவிட்டுப் போனால் நாளைக்கு உங்களிடம் ஆதாரம் இருக்காது.

ஓட ஓடச் சரியாகாது, ஓட ஓடக் கெடும். ஆறு மாதம் பொறுத்துவிட்டுக் கேட்டால், “இவ்வளவு நாள் ஓடினதே, நீங்கள் அதிகமாகத் துணி போட்டிருப்பீர்கள்” என்ற பதில்தான் வரும். மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்று கடையில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். அது மோட்டாருக்கு மட்டும். பேரிங்கும் தாங்கியும் அதில் வராது, மெஷின் முழுமைக்குமான வாரண்டிக் காலத்தில்தான் வரும். அது எத்தனை வருடம் என்று கார்டில் இன்றே பாருங்கள்.

கம்பெனி அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, ஆனால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல வீட்டு மெஷின் பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. கடைக்காரர் கைகழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை: பணம் வாங்கி பில் போட்டவர் அவர்தான். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும் நிலை வந்தால் கடை, கம்பெனி இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம்.

கேள்வி: சென்னையில் ஆடித் தள்ளுபடியில் செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கி வந்தோம். பிழியும் பக்கம் ‘கிரீச்’ என்று கத்துகிறது, ரப்பர் கருகிய வாசனையும் வருகிறது. கடையில், “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறது, வழக்கு என்றாலும் சென்னையில்தான்” என்கிறார்கள்.
வாசகர், குடியாத்தம்

பதில்: கருகிய வாசனை வந்தபின் பிழியும் பக்கத்தை ஓட்டாதீர்கள். மூடியைத் திறந்ததும் டிரம் நிற்க வேண்டும் என்பதற்காக அடியில் ஒரு பிரேக் இருக்கிறது. அதன் கம்பி சரியாக அமையாவிட்டால், மூடி மூடியிருக்கும்போதும் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். சத்தமும் வாசனையும் பெரும்பாலும் அதனால்தான். கம்பெனி ஆள் வந்தால் சீக்கிரம் முடியும் வேலை. துணிக்கு மேல் வைத்து அழுத்தும் பிளாஸ்டிக் உள்மூடியை நீங்கள் போடுகிறீர்களா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் துணி மேலே எழும்பி உரசும், ஆனால் அப்போது கருகல் வாசனை அவ்வளவாக வராது.

பில்லில் அச்சடித்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க அந்தச் சட்டம் உதவாது. குறை இருந்தால் உதவும். ஆகவே அந்த 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இடம் பற்றிய கவலையும் வேண்டாம். இந்தச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபிறகு, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோதும் குடியாத்தம் வேலூரிலேயே இருப்பதால் நீங்கள் போக வேண்டியது வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கடைக்கும் கம்பெனிக்கும் பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் போன் வந்த வீடுகள் உண்டு. சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிட முடியும்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில், சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும். பிரேக் கம்பியைச் சரிசெய்து சத்தம் நின்றுவிட்டால் அதோடு விடுங்கள். சரிசெய்தும் திரும்பத் திரும்ப வந்தால் அப்போது தயங்காதீர்கள்.

கேள்வி: காட்பாடியில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மின்சாரம் சீராக இருக்கிறதே என்று புது மெஷினை இரவு பத்து மணிக்குமேல் போடுகிறோம். கீழே தங்களுக்குத் தூக்கம் போகிறது என்கிறார் வீட்டுக்காரம்மா. அடியில் ரப்பர் வைத்தால் போதுமா?
வாசகர், காட்பாடி

பதில்: முதல் பதிலில் சொன்ன போல்ட்டையும் மட்டத்தையும் பார்த்தபின் ரப்பர் வையுங்கள். அதற்கு முன் வைத்தால் காசு வீண். கூடத்தின் நடுவே மெஷின் இருந்தால் தளம் முழுவதும் சேர்ந்து அதிரும். சுவரை ஒட்டிய மூலையில், கீழே பீம் போகும் இடத்துக்கு மேல் வைத்தால் நன்றாகவே குறையும். சுவரில் இடிக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பிழியும் வேகத்தை 1,200-இலிருந்து 800-க்கு இறக்குங்கள், வேலூர் வெயிலில் துணி எப்படியும் காய்ந்துவிடும். மின்சாரம் சீராக இருக்கிறதே என்று இரவு பத்து மணிக்குமேல் போடுவதாக எழுதியிருந்தீர்கள். அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வீட்டுக்காரம்மாவிடம் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.