பிளேட்டைக் கீழே வையுங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: என் கணவருக்கு வயது 52. கரைவலை இழுப்பவர். இரண்டு குதிக்காலும் தடித்து வெடித்திருக்கிறது. வலது பெருவிரலுக்குக் கீழே கால் ஆணி ஒன்றும் உண்டு. சவரப் பிளேட்டால் சீவிக்கொள்கிறார். ஆணியை வேரோடு எடுத்துத் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆணிக்கு வேரே கிடையாது. அழுத்தமும் உராய்வும் விழுகிற இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அழுத்தம் ஒரே புள்ளியில் குவிந்தால் அது கூம்பு மாதிரி உள்நோக்கி இறுகிவிடும், அவ்வளவுதான். வீட்டுக்கு வருபவர் உறிஞ்சி எடுத்து உள்ளங்கையில் காட்டும் அந்த வெள்ளைத் துண்டு வெறும் செத்த தோல். சில வேளை அதுவும் அவரே கொண்டுவந்ததாக இருக்கும்! காசு போவதோடு முடியாது, கழுவாத கத்தியால் கிருமியும் ஏறும்.

குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி வலை இழுப்பவருக்குத் தோல் தடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். உப்புத் தண்ணீரும் வெயிலும் அதைக் காயவைத்து வெடிக்கச் செய்கின்றன.

இரவில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைக்கட்டும். பிறகு பாதம் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்தால் போதும், ஒரே நாளில் மழமழப்பாக்க வேண்டாம். துடைத்துவிட்டு, பாமசியில் 20 அல்லது 25 வீத யூரியா கிறீம் கேட்டு வாங்கிப் பூசுங்கள். விரல் இடுக்கில் வேண்டாம். வெடிப்பில் இரத்தம் கசிந்தால் யூரியா எரியும். அது ஆறும்வரை வெறும் வாசலின் பூசிப் பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள். பலன் தெரியச் சில வாரமாகும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? பார்த்ததே இல்லையென்றால் முதலில் வெறும் வயிற்றில் இரத்தம் பாருங்கள். சீனி அளவு 126 (mg/dL) அல்லது அதற்கு மேல் என்றால் டொக்டரிடம் போக வேண்டும். சீனி நரம்பைக் கெடுத்துவிட்டால் தடித்த தோலுக்கு அடியில் புண் வந்தாலும் வலிக்காது. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் விரலால் லேசாகத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். ஆறில் இரண்டு தெரியவில்லையென்றாலே உணர்ச்சி குறைந்துவிட்டது. அப்படியானால் பிளேட் மட்டுமல்ல, கல், சுடுதண்ணீர் எதுவும் வேண்டாம். முக்கியமாக ஆணி பிளாஸ்டர் ஒட்டவே கூடாது. அதிலுள்ள சலிசிலிக் அமிலத்துக்கு நல்ல தோல், கெட்ட தோல் தெரியாது. அது அரித்துக்கொண்டே போகும், அவருக்குத் தெரியவும் தெரியாது. இதை ஒரு வார்த்தை கேட்காமலே எடுத்து நீட்டுகிற கடைகள் எத்தனை!

கிளினிக்கும் அப்படித்தான். மாதாமாதம் கொப்பியில் சீனி அளவு எழுதுகிறார்கள், செருப்பைக் கழற்றச் சொல்வோர் அபூர்வம். நீங்களே கழற்றிக் காட்டுங்கள். தடித்த தோலுக்குள் கறுப்பாகக் கறை தெரிந்தாலோ, சீழ் வாடை அடித்தாலோ, பாதம் சிவந்து வீங்கினாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலை இழுக்காத நேரத்துக்கு, தேய்ந்த றப்பர் செருப்பை எறிந்துவிட்டு, குதிக்காலைச் சுற்றிப் பிடிக்கும் தடித்த அடியுள்ள ஒன்று வாங்குங்கள். பின்னேரம் போய் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும்.