ஒளி குறைந்தால் கோளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்மீனின் முன்னால் கோள் கடக்கும்போது ஒளி சற்றுக் குறைவதை வைத்துக் கோளைக் கண்டறியும் கோள்கடப்பு முறை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு விண்மீனின் ஒளி ஒரு சதவீதம் குறைந்ததை வைத்துக்கொண்டு அங்கே கோள் இருக்கிறது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? சூரியனில் இருப்பதுபோன்ற கரும்புள்ளியாகவோ, இன்னொரு விண்மீன் மறைத்ததாகவோ இருக்கக் கூடாதா?

க.

அன்புள்ள க.,

இருக்கலாம். அதனால்தான் ஒளி குறைந்த உடனே யாரும் அதைக் கோள் என்று அறிவிப்பதில்லை. முதலில் 'கோளாக இருக்கக்கூடியவை' பட்டியலில்தான் சேரும்.

கரும்புள்ளியை விலக்குவது பெரும்பாலும் எளிது. புள்ளி விண்மீனோடு சேர்ந்து சுழல்வதால் ஒளி நாள்கணக்கில் மெல்ல இறங்கி மெல்ல ஏறும். அடுத்தடுத்த சுற்றில் புள்ளியின் அளவே மாறிவிடும். கோள் கடந்தால் சில மணி நேரத்தில் இறங்கி மீளும். ஒவ்வொரு முறையும் அதே ஆழம், அதே இடைவெளி.

உண்மையான தொல்லை, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள்தான். கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் வானில் 21 ஆர்க்செகண்ட் அகலம் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). அதற்குள் பல விண்மீன்களின் ஒளி கலந்துவிடும். நாம் பார்க்கும் விண்மீனைவிட நூறு மடங்கு மங்கலான ஓர் இரட்டை பின்னால் எங்கோ இருக்கிறது, ஒன்றை மற்றது மறைக்கையில் அதன் ஒளி பாதியாகிறது என்று வையுங்கள். மொத்தத்தில் குறைவது அரை சதவீதம். ஒளிக்குறைவு என்பது கோளின் ஆரத்தை விண்மீனின் ஆரத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கம். 0.005இன் வர்க்கமூலம் 0.07. முன்னால் இருப்பது சூரியன் அளவு விண்மீன் என்றால், நெப்டியூனைப்போல் இரு மடங்கு ஆரமுள்ள கோள் ஒன்று கணக்கில் முளைத்துவிடும். வானில் அப்படி எதுவும் கிடையாது.

இதைப் பிடிக்க, ஒற்றைப்படை மறைப்புகளையும் இரட்டைப்படை மறைப்புகளையும் தனித்தனியே அடுக்கிப் பார்ப்பார்கள். ஆழம் வேறுபட்டால் இரண்டு விண்மீன்கள் மாறிமாறி மறைத்துக்கொள்கின்றன. ஒளி குறையும்போது பிக்சல்களில் அதன் மையம் நகர்ந்தால், மங்கியது பக்கத்து விண்மீன். நீலத்தில் ஓர் ஆழம், சிவப்பில் வேறு ஆழம் என்றாலும் சந்தேகம்தான்.

சுற்றின் நடுவில் இரண்டாவது ஒளிக்குறைவு ஆழமாகத் தெரிந்தால், பின்னால் மறைவதும் விண்மீனாக இருக்கலாம். இந்தச் சோதனை ஒருமுறை ஆய்வாளர்களையே திசைதிருப்பியிருக்கிறது. கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2009இல் முதன்முதலாகக் காட்டிய கோளைப் போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். அன்று கணித்த சிறிய கோளுக்கு அந்த இரண்டாவது குறைவு பொருந்தவில்லை. பிறகு விண்மீனின் அதிர்வுகளைக் கொண்டு அளந்தபோது, அது முன்பு நினைத்ததைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது என்று தெரிந்தது. விண்மீன் பெருத்தால் கோளும் அதே விகிதத்தில் பெருக்கும். 2019இல் அது வெப்பமான, வியாழன் வகைக் கோள் என்று உறுதியானது: கெப்ளர்-1658பி. கோளை அளப்பதற்கு முன் விண்மீனைச் சரியாக அளக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இவ்வளவும் தேறினாலும் கையில் இருப்பது ஆரம் மட்டுமே. வியாழனைப்போல் 80 மடங்கு நிறையுள்ள சிவப்புக் குறுமீன் என்னும் சிறிய விண்மீனும் ஏறக்குறைய வியாழன் பருமன்தான். ஆகவே கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்பின் அசைவதை நிறமாலையில் அளந்து கோளின் நிறையைக் காண வேண்டும். வியாழன் சூரியனை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமி வெறும் 9 சென்டிமீட்டர். விண்மீனின் கொதிக்கும் மேற்பரப்போ நொடிக்கு மீட்டர் கணக்கில் ஆடுகிறது. சூரியன் போன்ற ஒரு விண்மீனை ஓராண்டுக்கு ஒருமுறை சுற்றும் பூமி அளவுக் கோளின் நிறையை இம்முறையில் இன்னும் யாரும் அளக்க முடியாமல் இருப்பது பெரும்பாலும் அந்த ஆட்டத்தால்தான்.